குழாயடியில் யார் நிற்பது?

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் பள்ளிக் குழாயடியைப் பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டும் கையுமாக ஓடிவருவாள். குழாயைத் திறந்து தட்டைக் காட்டுவாள். தட்டில் வழிகிற தண்ணீரிலேயே மறு கையின் விரல்நுனியை நனைத்துக்கொள்வாள். பாவாடையில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான், வரிசையில் போய் நின்றுவிடுவாள். மொத்தமே நாலு வினாடி. அதே பெண்ணை வகுப்பில் எழுப்பிக் கைகழுவும் முறையைக் கேட்டால் உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு என்று அத்தனையையும் ராகம் போட்டு ஒப்பிப்பாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால் அவளுக்குத் தெரியவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் நடுநிலைப் பள்ளி எங்களுடையது. அக்டோபர் 15 உலகக் கைகழுவும் நாள். 2008லிருந்து கொண்டாடுகிறார்கள், நாங்களும் ஆண்டுதோறும் ஒரு உறுதிமொழி எடுத்துவிட்டுக் கலைவோம். இந்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் நேராகக் கேட்டுவிட்டார்: "வருசாவருசம் சொல்றீங்க, எம்பையன் வீட்டுக்கு வந்தா கை கழுவறதே இல்லீங்களே டீச்சர்?" அந்தக் கேள்விதான் பேச்சைத் தொடங்கி வைத்தது. என்ன சொல்வது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. யார் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். பெயர்பெற்ற முகம் யாராவது பேசிய வீடியோவைப் போட்டுக் காட்டலாம் என்றார் இன்னொருவர். ஆசிரியர்கள் கண்டிப்பாக நின்றால் போதும் என்றார் தலைமையாசிரியர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே பொறுப்பைக் கொடுக்கலாம் என்றேன் நான். இரண்டு வாரம் தேடிப் படித்து, குழாயடியில் நின்று பார்த்த பிறகு என் கருத்தும் கொஞ்சம் மாறிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2005ல் வெளிவந்தது. சோப்பும் கொடுத்து, வாரம் தவறாமல் ஆள் அனுப்பிக் கைகழுவச் சொன்ன வீடுகளில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் நிமோனியாவும் பாதியானது. கிருமிநாசினி சோப்பு வேண்டும் என்பதுகூட இல்லை, சாதாரண சோப்பே அதே பலனைக் கொடுத்தது. மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் இந்த அளவு நோயைக் குறைப்பது சின்ன விஷயமில்லை.

அதே கராச்சியில் அப்புறம் நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. திட்டம் முடிந்து பதினெட்டு மாதம் கழித்து அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். கைகழுவும் முறை அவர்களுக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஆனால் சோப்பு வாங்குவது மற்ற வீடுகளைவிடக் கூடியிருக்கவில்லை, வயிற்றுப்போக்கும் குறைந்திருக்கவில்லை. வாரம் ஒருமுறை கதவைத் தட்டிய ஆள் வருவது நின்றதும் பழக்கமும் மெல்ல நழுவியிருக்கிறது. இதைப் படித்ததிலிருந்து எந்த யோசனையைக் கேட்டாலும் எனக்கு முதலில் தோன்றுவது, சொல்கிற ஆள் நாளைக்கும் அங்கே இருப்பாரா என்பதுதான்.

முதலில் டாக்டரைப் பார்ப்போம். வெள்ளைக் கோட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு டாக்டர் என்றால் ஊசி. குடற்புழு நீக்க நாளுக்குச் சுகாதாரத் துறை ஆட்கள் வந்தாலே ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேர் மேசைக்கு அடியில் போய்விடுவார்கள். அதைவிட முக்கியமான விஷயம், நிபுணர் சொல்லின் எடை நாள்பட நாள்பட இறங்கிவிடுகிறது. 1951ல் ஹோவ்லாண்ட், வைஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரே செய்தியை நம்பகமானவர் பெயரிலும் நம்பத்தகாதவர் பெயரிலும் கொடுத்துப் பார்த்தார்கள். படித்த கையோடு கேட்டபோது நம்பகமானவர் பக்கம் அதிகம் பேர் சாய்ந்திருந்தார்கள். நாலு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் கரைந்துபோயிருந்தது. யார் சொன்னார் என்பதைச் செய்தியிலிருந்து மனம் கழற்றிவிடுகிறது. அக்டோபர் 15 அன்று டாக்டர் பேசினால் நவம்பர் நடுவில் என்ன மிஞ்சும்?

நிபுணர் சொன்னால் படித்தவர்களாவது கேட்பார்களா என்றால், வியன்னா மருத்துவமனைக் கதை அதற்கும் பதில் சொல்கிறது. அங்கே பிரசவப் பிரிவில் வேலை செய்த செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணங்களை அறுத்துப் படித்துவிட்டு அப்படியே பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களையும் மருத்துவ மாணவர்களையும் 1847 மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டு என்ற அளவில் இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் இரண்டுக்கு வந்தது. இதைவிடப் பெரிய சான்று எதற்கு வேண்டும்? ஆனாலும் மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை. கிருமி என்ற கருத்தே அப்போது நிலைபெறவில்லை, உங்கள் கையில்தான் சாவு இருக்கிறது என்பதைக் கேட்க எந்த மருத்துவருக்கும் மனம் வரவில்லை. அவரோ பல ஆண்டு விரிவாக எழுதாமலே இருந்துவிட்டு, 1861ல் புத்தகம் போட்ட பிறகு எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் ஏசினார். 1865ல் மனநல விடுதியில் இறந்துபோனார். சொன்னது அத்தனையும் உண்மை. குற்றம் சாட்டுகிற குரலில் வந்ததால் கேட்க வேண்டியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இதைப் படித்த அன்று நான் வகுப்பில் எந்தக் குரலில் கைகழுவச் சொல்கிறேன் என்பதை நினைத்துப் பார்த்தேன்.

டாக்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரைப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்துவதைவிடப் பெற்றோருக்கும் ஊராட்சி ஆட்களுக்கும் முன்னால் நிறுத்தலாம். சோப்புக்குப் பணம் ஒதுக்கவும், உடைந்த குழாயை மாற்றவும் பெரியவர்களை ஒத்துக்கொள்ள வைக்க அவருடைய சொல்லுக்கு ஈடு இல்லை. அதுக்கு ஒரு கூட்டம் போதும்.

பெயர்பெற்ற முகம் என்ற யோசனைக்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 2020 மே மாதம், கொரோனாவின் தொடக்கத்தில், பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி பேசிய இரண்டரை நிமிட வீடியோக்களை மேற்கு வங்கத்தில் இரண்டரைக் கோடிப் பேருக்கு செல்போன் செய்தி வழியாக அனுப்பினார்கள். அறிகுறி இருந்தால் சுகாதாரப் பணியாளரிடம் சொல்கிறவர்கள் இரு மடங்கானார்கள், வீட்டுக்கு வந்ததும் கைகழுவுவதும் கொஞ்சம் கூடியது. வீடியோ போகாத வீடுகளில்கூட மாற்றம் தெரிந்தது, ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டதால். ஆனால் எந்த நேரம் அது? ஊரே பயந்து, என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம். பேசியவர் அவர்கள் மண்ணின் மைந்தர், கேட்டவர்கள் பெரியவர்கள். சாதாரண நாளில் இது எடுபடுமா? பெரு நாட்டில் கைகழுவும் பிரச்சாரத்தை ஊடகங்கள் வழியாக மட்டும் நடத்திய இடங்களில் பழக்கம் மாறவில்லை. பள்ளியிலும் ஊரிலும் ஆள் வைத்து வேலை செய்த இடங்களில்தான் அசைவு தெரிந்தது. எங்கள் வகுப்பில் நடிகர் வீடியோ போட்டால் பிள்ளைகள் மூன்று முறை பார்ப்பார்கள், அவர் சட்டையைப் பற்றிப் பேசுவார்கள். குழாயடிக்கு அவர் வரப்போவதில்லை. எனக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை.

ஆசிரியர் நின்றால் நடக்கும். இது உண்மை, நான் பத்து ஆண்டாகப் பார்க்கிறேன். கம்பில்லாமல் நின்றாலே போதும், எல்லோரும் ஒழுங்காகக் கழுவுவார்கள். நான் விடுப்பில் போன நாளில் பழைய நாலு வினாடிதான். டீச்சருக்காகக் கழுவிய கை டீச்சர் இல்லாதபோது காய்ந்தே இருக்கிறது. இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. நாங்கள் ஆசிரியர்கள் எங்கே கைகழுவுகிறோம்? அறைக்குள் வாளித் தண்ணீரில். பிள்ளைகள் எங்களைப் பார்த்ததே இல்லை. கூட்டம் முடிந்த மறுநாள் தலைமையாசிரியர் தன் சாப்பாட்டுத் தட்டோடு பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முழங்கைவரை சட்டையைச் சுருட்டி, சோப்பு எடுத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்திலிருந்த பையனிடம் கொடுத்துவிட்டுக் கழுவினார். அந்தப் பையன் கடிகாரத்தை ஏந்திக்கொண்டு விறைப்பாக நின்றான். அவர் முடித்ததும் தானும் சோப்பு எடுத்தான், பின்னால் நின்ற நாலு பேரும் எடுத்தார்கள். இத்தனை வருடப் பிரேயர் பேச்சில் நான் பார்க்காத காட்சி அது.

அடுத்தது பிள்ளைகளே பிள்ளைகளுக்கு. நான் முன்வைத்த யோசனை என்பதால் நல்லதையும் கெட்டதையும் முழுதாகச் சொல்லவேண்டும். கென்யாவில் தொடக்கப் பள்ளிகளின் கைகழுவும் இடத்தில் கேமரா வைத்துப் பார்த்தபோது, தனியாக வந்த பிள்ளைகளில் 48 சதவீதம் பேர் கையைச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு பிள்ளையாவது கூட நின்றபோது அது 71 சதவீதம். அந்த இன்னொரு பிள்ளை வாயைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, நின்றாலே போதும். பெரியவர்களும் இதில் வேறு மாதிரி இல்லை. இங்கிலாந்தில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றின் கழிப்பறை வாசலில் மின்பலகையில் விதவிதமான வாசகங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டு, யார் சோப்பு எடுக்கிறார்கள் என்று கருவி வைத்து எண்ணினார்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வந்துபோனார்கள். ஆண்களிடம் அருவருப்பூட்டும் வாசகங்கள் வேலை செய்தன, பெண்களிடம் தகவல் சொன்னவை. இரு தரப்பிலும் எடுபட்டது, "பக்கத்தில் இருப்பவர் சோப்புப் போட்டுக் கழுவுகிறாரா?" என்ற ஒரே ஒரு கேள்வி.

இனி கெட்டது. முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் 'சுகாதாரத் தலைவர்' என்று பேட்ஜ் குத்தி ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் குழாயடியில் நிறுத்தினோம். நல்ல பையன்தான். முதல் வாரம் கழுவச் சொன்னான். இரண்டாம் வாரம் நகத்தைக் காட்டச் சொன்னான். மூன்றாம் வாரம் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டி "அழுக்கு" என்று சொல்லிவிட்டான். மற்றவர்கள் அதையே அவளுக்குப் பெயராக்கினார்கள். அவள் மூன்று நாள் பள்ளியில் சாப்பிடவில்லை. வீட்டில் அடுப்புக்கரி போட்டுப் பாத்திரம் துலக்கிவிட்டு வருகிற கை அது. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று. நம் ஊரில் சுத்தம், அழுக்கு என்ற சொற்கள் சோப்போடு மட்டும் நிற்பதில்லை. எந்தத் தெரு, எந்த வீடு என்பதுவரை போய்விடும். ஒரு பிள்ளையின் கையில் அதிகாரத்தைக் கொடுத்து இந்தச் சொல்லையும் கொடுத்தால், கைகழுவும் பழக்கத்துக்கு முன்னால் தீண்டாமைப் பழக்கம்தான் வளரும். அருவருப்பு மற்ற இடங்களில் நன்றாக வேலை செய்திருக்கிறது. கானா நாட்டுத் தொலைக்காட்சி விளம்பரத்தில் கழிப்பறையிலிருந்து வரும் தாயின் கையில் ஊதாக் கறை ஒட்டி, அது பிள்ளையின் சாப்பாட்டில் பரவுவதைக் காட்டினார்கள். பலன் கிடைத்தது. ஆனால் ஒரு வகுப்பறைக்குள் அந்தக் கறை யார் கையில் போய் ஒட்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் எங்கள் பள்ளிக்கு அருவருப்பு வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன்.

இதுவரை சொன்னவர்களில் யாருமே நினைக்காத ஒருவர் தினமும் அங்கேயே இருக்கிறார். சத்துணவு சமைக்கும் அக்கா. பிள்ளைகளுக்கு அவர் ஆயா. ஐந்தாம் வகுப்புவரை உள்ளவர்களுக்கு இப்போது காலைச் சிற்றுண்டியும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம், அடுத்த ஆகஸ்ட் 25லிருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆக ஒரு சின்னப் பிள்ளை ஒரு நாளில் இரண்டு முறை சாப்பாட்டுக்காகக் கையையும் தட்டையும் நீட்டுகிறது. கரண்டி பிடித்து எதிரே நிற்பவரின் சொல்லுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு நெருக்கம் உண்டு.

அன்பு வழியாகச் சொன்னால் எடுபடுமா? நமக்குப் பக்கத்துச் சித்தூர் மாவட்டத்திலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். 'சூப்பர் அம்மா' என்ற பிரச்சாரம், 2014ல் லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குடும்பத்தில் முடிவுகள் வந்தன. பதினான்கு கிராமங்கள். நோய், கிருமி என்ற பேச்சே கிடையாது. தன் பிள்ளையை நல்லபடியாக ஆளாக்கும் ஒரு கிராமத்துத் தாயைப் படத்திலும் நாடகத்திலும் காட்டினார்கள். பிரச்சாரத்துக்கு முன்பு முக்கியமான நேரங்களில் சோப்புப் போட்டுக் கைகழுவியது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். ஆறு மாதம் கழித்துப் பிரச்சாரம் நடந்த கிராமங்களில் 37 சதவீதம், நடக்காத கிராமங்களில் 6. இன்னும் அறுபது சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது, ஆனாலும் இந்தத் துறையில் இது பெரிய ஏற்றம். நல்ல அம்மா என்ற எண்ணம் ஒருவரைக் குழாயடிவரை நடத்திக் கூட்டிப்போகிறது.

அக்காவிடம் போய்க் கேட்டேன். "நான் சோறு போடுவனா, சோப்புக்குக் காவல் நிப்பனா டீச்சர்?" என்றார். நியாயமான கேள்வி. நூற்றுச்சொச்சம் பிள்ளைகளுக்கு இரண்டே பேர் சமைத்துப் பரிமாறுகிறார்கள், அவர்கள் சம்பளம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் தலையில் இன்னொரு வேலையைக் கட்டக்கூடாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: கை கழுவாவிட்டால் சோறு இல்லை என்று யாராவது சொல்லத் தொடங்கினால் பசியோடு வந்த பிள்ளைக்குத் தண்டனையாகிவிடும். அது எந்தக் காரணத்துக்காகவும் நடக்கக்கூடாது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வழியை அவரே சொன்னார். மறுநாள் செய்தும் காட்டினார். முதலில் வந்த சின்னவனிடம், "கையைக் காட்டு சாமி, வாசம் வருதான்னு பாப்போம்" என்று குனிந்து மோந்து பார்த்தார். சோப்பு வாசம் வந்தது. "அட, மல்லிகப்பூ மாதிரில்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு கரண்டி சாம்பார் விட்டார். அடுத்தவன் கையில் வாசமில்லை. அவனிடம் ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டார். மூன்றாம் நாள் அவன் தானாகவே கையை மூக்குக்கு நேராக நீட்டினான். பரிமாறும் நேரம் ஒரு பிள்ளைக்கு இரண்டு வினாடி கூடியது, அவ்வளவுதான்.

ஆளே வேண்டாம், பெயின்ட் போதும் என்கிற ஒரு வழியும் இருக்கிறது. வங்கதேசத்தில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் கழிப்பறையிலிருந்து குழாய்வரை பளிச்சென்று பாதையும், அதில் காலடித் தடங்களும், குழாயடியில் கைத்தடங்களும் வரைந்தார்கள். பாடமும் இல்லை, பேச்சும் இல்லை. கழிப்பறை போய்வந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிள்ளைகள் 4 சதவீதத்திலிருந்து மறுநாளே 68 ஆனார்கள். ஆறு வாரம் கழித்து 74. இரண்டே பள்ளிகள் என்பதால் இதைத் தலைமேல் வைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் செலவு ஒரு டப்பா பெயின்ட், ஒரு சனிக்கிழமை. சின்னப் பிள்ளைகள் தடத்தைப் பார்த்தால் மிதிக்காமல் போகமாட்டார்கள். ஆளா பெயின்ட்டா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை, இரண்டும் வைத்துக்கொள்ளலாம்.

இதில் எதைச் செய்தாலும் சோப்பு இல்லாவிட்டால் வீண். எங்கள் பள்ளியில் கட்டிச் சோப்பு வைத்தால் மாலைக்குள் தரையில் கரைந்து கிடக்கும், இல்லையென்றால் காணாமல் போகும். வங்கதேசத்தில் பயன்படுத்துகிற எளிய முறையை எடுத்துக்கொண்டோம்: ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 30 கிராம் சலவைத்தூள், மூடியில் ஒரு துளை. கட்டிச் சோப்பைவிட மலிவு, யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதுமில்லை. வாசனையுள்ள தூளாக வாங்க வேண்டும் என்று அக்கா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். மோந்து பார்ப்பது அவர்தானே.

ஆக எங்கள் முடிவு இப்படி வந்து நின்றது. டாக்டரை அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு மட்டும் அழைக்கிறோம். வீடியோ இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து வாரம் இரண்டு பேர் மணி அடித்ததும் முதலில் வந்து, குழாயடியில் தாங்களும் கழுவி, சின்னவர்கள் கழுவி முடிக்கும்வரை கூடவே நிற்பார்கள். பேட்ஜ் இல்லை, பெயர் எழுதுவது இல்லை, யார் கழுவவில்லை என்று யாரிடமும் சொல்லக்கூடாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வரும், நன்றாகப் படிப்பவர்களுக்கு மட்டும் கிடையாது. நான் முதலில் சொன்ன யோசனையிலிருந்து மாறியது இதில்தான்: அவர்கள் சொல்லப் போவதில்லை, செய்யப் போகிறார்கள். ஆசிரியர்கள் முறை வைத்து அதே குழாயில் கழுவுகிறோம். அக்கா மோந்து பார்க்கிறார். தலைமையாசிரியர் தடம் வரைய மஞ்சள் பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறார்.

பலன் இருக்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகளைக் கேட்கப் போவதில்லை. கேட்டால் எல்லோரும் கழுவினேன் டீச்சர் என்பார்கள். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஐந்து பாட்டில்களிலும் சேர்த்து ஒரு டம்ளர்கூடக் குறையவில்லை. போன வெள்ளிக்கிழமை பார்த்தபோது மூன்று பாட்டில் காலி, நாலாவதில் விரற்கடை அளவு மிச்சம். ஆண்கள் கழிப்பறைப் பக்கம் இருக்கிற ஐந்தாவது பாட்டில் மட்டும் கோடு இறங்காமல் அப்படியே இருக்கிறது. மஞ்சள் தடத்தை அங்கிருந்துதான் வரையத் தொடங்கவேண்டும்.